மாடியில் விட்ட கம்பிகள்

ஜனவரி 9

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சொல்லிக்கொள்ளும்படி எந்த நோயும் இல்லாமல் இருக்கிறோம். என் முட்டி மட்டும் பழைய வண்டியின் கிளட்ச் மாதிரி எப்போதாவது பிடித்துக்கொள்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன். போய்விட்டாள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டேன். உங்கள் வருங்கால ஆராய்ச்சி மையத்தில் ஆளுக்கு ஒரு வெளியாளைப் பிடித்து ஒரு வருஷம் கையால் கடிதம் எழுத வேண்டும், வருங்காலத்தைப் பற்றிப் போனில் பேசக் கூடாது, அதுவும் ஆராய்ச்சியில் சேர்த்தி என்றாய். போனில் மனிதன் இன்றைய சாயங்காலத்தைத் தாண்டி யோசிப்பதில்லை என்று அங்கே வேலை செய்யும் நாடகக்காரர் சொன்னாராம். அது சரிதான். நாம் பேசுவதே "சாப்டியா", "சாப்டேன்", "அப்புறம்?", "அப்புறம் ஒண்ணுமில்ல" அவ்வளவுதானே.

ஆனால் போயும் போயும் என்னைப் பிடித்தாயே. நாளைக்கு எந்தச் சட்டை என்று யோசிக்காதவனிடம் நூறு வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்று கேட்கிறாய். டிரைவிங் ஸ்கூலில் எனக்கு 'அப்புறம் சார்' என்று பேர். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்த்துக்கலாம் என்பேனாம். யோசித்துப் பார்த்தால் அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே தொழில். நீயும் அப்புறத்தைத்தான் பார்க்கிறாய். உனக்குச் சம்பளம் தருகிறார்கள், என்னைக் கேலி செய்கிறார்கள்.

வருங்காலத்துக்காக நான் செய்த ஒரே காரியம் நம் மொட்டை மாடியில் நிற்கிறது. வீடு கட்டும்போது, மேலே ஓர் அறை அப்புறம் எழுப்பலாம் என்று தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டேனே, அதுதான். அப்போது நீ நர்சரிக்குப் போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாய். இன்றைக்கு அந்தக் கம்பிகளில் கொடி கட்டி அம்மா துணி காயப்போடுகிறாள். துரு ஏறாமலிருக்க முனையில் காலி டப்பாக்களைக் கவிழ்த்திருக்கிறேன். இதையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா


ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் முட்டிக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா? அப்புறம் என்று எழுதாதீர்கள்.

எங்கள் மையத்தைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை, நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு பெரிய கூடம், நடுவில் ஒரே மேசை. நீர்ப் பொறியாளர், சரித்திரம் படித்த அம்மா ஒருவர், கணக்கு நிபுணர், மருத்துவர், நாடகக்காரர், மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று படித்த நான். இத்தனை பேரும் அதே மேசையில்தான் உட்கார வேண்டும். தனித்தனி அறை கேட்டால் கிடையாது. பொறியாளர் சொல்வது நாடகக்காரருக்குப் புரியும் வரைக்கும் அது முடிந்த வேலை ஆகாது. அதனால் பாதி நாள் சண்டை. ஆருடம் சொல்வது எங்கள் வேலை இல்லை அப்பா. இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்று பல வருங்காலங்களை வரைந்து மக்கள் முன்னால் வைக்கிறோம். எது வேண்டும் என்று அவர்கள் பேசட்டும் என்று.

இந்த வருஷம் எடுத்திருப்பது நம் ஆற்றங்கரைப் பக்கம். அதனால் கேட்கிறேன். மழைக் காலத்தில் நம் தெருவில் தண்ணீர் எதுவரை வரும்? நீங்கள் எட்டுப் போடச் சொல்லித்தருகிற அந்த மைதானம் முன்பு என்னவாக இருந்தது? வாசற்படி இப்போதும் இரண்டுதானா?

அம்மாவுக்கு என் முத்தங்கள்.
உங்கள் பாப்பா


பிப்ரவரி 17

அன்பு மகளுக்கு,

இங்கே யாவரும் நலம். முட்டி வைத்தியரிடம் போனேன். தினமும் நட என்றார். நாள் முழுக்க வண்டியில் உட்காருகிறவனிடம் நடக்கச் சொல்கிறார், அதற்குக் காசும் வாங்குகிறார்.

கேட்டதற்குப் பதில். பெருமழைக்குத் தண்ணீர் முதல் படியைத் தொடும், வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். படி இப்போதும் இரண்டுதான். மைதானம் முன்பு பள்ளம், தவளை கத்தும் இடம். லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கினார்கள். அப்புறம் எங்கள் ஸ்கூல் முதலாளி குத்தகைக்கு எடுத்தார். அதில்தான் ஊர்ப்பட்ட பேர் என்னை உட்காரவைத்துக்கொண்டு எட்டுப் போட்டுக் கற்றார்கள். என் பக்கத்தில் பிரேக்கும் கிளட்சும்தான் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்ட, நான் பயந்து மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஒரு சேதி. மாடியில் அறை எழுப்பப் போகிறேன். உன் கேள்விகளைப் படித்ததும் எனக்கு ஒரே வேகம் வந்துவிட்டது. மேஸ்திரி வந்து கம்பியைத் தட்டிப் பார்த்து, இன்னும் நூறு வருஷம் தாங்கும் என்றார். பயப்படாதே, பெரிய திட்டமெல்லாம் இல்லை. வீட்டில் பழைய சாமான் சேர்ந்துவிட்டது, அதைப் போட ஓர் இடம் வேண்டும். ஜன்னல் கிழக்கே வைக்கலாமா, ஆற்றைப் பார்த்து வைக்கலாமா? பழைய சாமான் என்றாலும் காற்று வெளிச்சம் வேண்டுமில்லையா. மேசை ஒன்று போடவும் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னல் விஷயம் உடனே எழுது.

அன்புடன்
அப்பா


ஏப்ரல் 21

பாப்பா,

நலம்தானே? போனில் ஜன்னலைக் கேட்டால் "கடிதத்துல எழுதறேம்பா" என்கிறாய். கடிதத்தைக் கேட்டால் "எழுதிட்டே இருக்கேன்" என்கிறாய். இப்படிப் பதில் சொல்ல உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அம்மா என்னையே பார்க்கிறாள்.

நானாக ஒன்றைப் புரிந்துகொண்டேன். அறை சின்னதாக இருக்கிறது, அதுதானே? அதனால் திட்டத்தை மாற்றிவிட்டேன். தனியாகக் குளியலறை, வெளிப்பக்கம் தனிப் படிக்கட்டு, சாயங்காலம் நாற்காலி போட ஒரு சிறிய பால்கனி. "பழைய சாமான் பால்கனியில உக்காந்து காத்து வாங்குமா?" என்று அம்மா கேட்டாள். சாமானுக்கும் ஒரு மனசு உண்டு என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள், அவள் தலையில்தான்.

மேஸ்திரி மழைக்கு முன்னால் தொடங்கினால் நல்லது என்கிறார். மணல் வந்து தெருவில் கொட்டிக் கிடக்கிறது. தெருப் பூனைகள் எல்லாம் என்னை வாழ்த்துகின்றன.

ஒரு வரியாவது எழுது.

அப்பா


மே 6

அன்புள்ள அப்பா,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டியும் அம்மாவின் தலையும் நலமா?

ஜூன் கடைசியில் எங்கள் கூடத்தில் ஒரு கூட்டம். ஆற்றங்கரைத் தெருக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரை அழைக்கிறோம். மேசையைச் சுற்றி எல்லாருக்கும் நாற்காலி போட்டு, ஒன்றை மட்டும் காலியாக விடுவோம். அது இன்னும் பிறக்காதவர்களுக்கு. வந்தவர்கள் முறைவைத்து அதில் உட்கார்ந்து, எண்பது வருஷம் கழித்துப் பிறக்கப் போகிற ஒருவராகப் பேச வேண்டும். நாடகக்காரரின் யோசனை. நம் தெருவுக்கு நீங்கள் வாருங்கள்.

அதுவரை கட்டட வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா?

நேரில் பார்ப்போம்.
பாப்பா


மே 15

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். அப்புறம் சாரையே தள்ளிப்போடச் சொல்லி ஓர் ஆள் எழுதியிருக்கிறாரே என்று டிரைவிங் ஸ்கூலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஒரு காரியத்தைத்தான் உரிய நேரத்தில் தொடங்கினேன். அதற்கு நீயே பிரேக் போடுகிறாய். என் பக்கத்து சீட்டில் உட்கார உனக்குத்தான் தகுதி.

சரி, நிறுத்திவிட்டேன். காரணம் கேட்கவில்லை. மணலைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று.

கூட்டத்துக்கு வருகிறேன். பிறக்காத பிள்ளையாகப் பேசுவது எனக்குக் கஷ்டமில்லை. நான் வளரவே இல்லை என்பதுதான் உன் அம்மாவின் அபிப்பிராயம்.

அப்பா


ஜூலை 2

அன்பு மகளுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அம்மா நலம். நானும்.

அன்றைக்கு நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் நாற்காலியிலிருந்து பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன். என் முறை வந்ததும் நாடகக்காரர் தோளில் கை வைத்து, "இப்ப நீங்க நீங்க இல்ல, உங்க தெருவுல எண்பது வருஷம் கழிச்சுப் பொறக்கப்போற ஒரு பொண்ணு" என்றார். மீசையை என்ன செய்வது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ போல இருந்தது.

காலையில் எழுந்ததும் என்ன தெரிகிறது என்று சரித்திர அம்மா கேட்டார். எனக்கு வாய் ஓடியது. மாடி அறை, கிழக்கு ஜன்னல், அதில் வெயில், ஒரு பழைய மேசை, பால்கனியில் உட்கார்ந்தால் தெருவே தெரியும் என்று அளந்துகொண்டே போனேன். இடத்தைக் காட்டுங்கள் என்றார்கள். எண்பது வருஷம் கழித்து ஊர் இப்படி என்று சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் போனேன். ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது, எங்கள் மைதானம் இருக்க வேண்டிய இடம் நீலம், தண்ணீர். அதற்கு இந்தப் பக்கமும் நீலம். விரலை வைக்க இடம் கிடைக்கவில்லை.

"எங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். நடிப்புக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடினேன். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்குக்காரர் கூரையைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மேசைக் கடைசியில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். சீவின பென்சிலையே மறுபடி சீவினாய். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த நாளிலெல்லாம் அதைத்தான் செய்வாய். அதோடு எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜன்னலுக்குப் பதில் வராததும், தள்ளிப்போடச் சொன்னதும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். நேரம் ஆகவில்லை. நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேஸ்திரியிடம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல் சிரித்தார். அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா


ஜூலை 8

என் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

பிப்ரவரியில் நீங்கள் அறை கட்டப்போவதாக எழுதிய கடிதம் வந்த வாரம்தான் அந்த வரைபடத்துக்கு வண்ணம் தீட்டினோம். பிரஷ் என் கையில் இருந்தது. பாலம் தாண்டி, மைதானம் தாண்டி, நம் தெரு வந்ததும் கணக்குக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவுவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். அவர்தான் நம் வீட்டை நீலமாக்கினார். அவருக்கு அது தெரியாது.

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீங்கள் ஒரு ஜோக் அடிப்பீர்கள். அதைக் கேட்டுச் சிரிக்க என்னால் முடியாது என்று தோன்றியது. நாற்காலியில் உங்களை உட்காரவைத்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் ஒன்றைப் பார்க்கவில்லை. அந்தச் சுவரில் தொங்கியது மூன்று படங்களில் முதலாவது. அதன் தலைப்பு, 'எதுவும் செய்யாவிட்டால்'. மற்ற இரண்டிலும் நம் தெரு இருக்கிறது. பழைய வாய்க்காலைத் திறந்து, பள்ளத்தைத் திரும்பத் தோண்டிக் குளமாக்கினால், தண்ணீர் அங்கே தங்கும். பெருவெள்ளம் வந்தால் கீழ்த்தளம் நனையலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மக்கள் குடியிருக்கலாம். நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கும் தெரியாது.

அந்தப் பள்ளம்தான் நீங்கள் எட்டுப் போடுகிற மைதானம் அப்பா. இதைச் செய் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் மேசையின் விதி. அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

உங்கள்
பாப்பா


செப்டம்பர் 4

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நான் நலம், அம்மா நலம், முட்டியும் நலம். நடப்பதால் என்று வைத்தியர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வீடு வீடாக ஏறி இறங்கினதால்.

'எதுவும் செய்யாவிட்டால்' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. அது என் படம் பாப்பா. ஊரில் எல்லாரும் என்னைப் போலவே இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறீர்கள். இத்தனை படித்தவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து என் குணத்தைக் கணக்குப் போட்டு, சுவரில் மாட்டி, நீல வண்ணமும் அடித்திருக்கிறீர்கள். போட்டோ கூட இவ்வளவு பொருத்தமாக விழுந்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "வெளிப்பக்கம் படிக்கட்டு வைக்கிறதுதான் வைக்கிறீங்க, தெருவே ஏறுற மாதிரி அகலமா வைங்க" என்றாள். வெள்ளம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள் என்பது அவள் கவலை.

தெருக்கூட்டம் போட்டோம். உங்கள் நாடகக்காரர் செய்ததைப் போலவே காலி நாற்காலி ஒன்றை நடுவில் வைத்தேன். உங்கள் மையத்தில் கேட்டு வாங்கிய மற்ற இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் நம் தெருத் தையல்காரர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க, அது பொறக்காத பிள்ளைக்கு."

"பொறந்ததும் எழுந்துக்கிறேன்" என்றார்.

கடைசி வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தவர் என்பதால், எண்பது வருஷம் கழித்து என்ன வேண்டும் என்று எல்லாரும் அவரையே கேட்டார்கள். பாவம், அவரும் யோசித்து யோசித்து, "தண்ணி உள்ள வராம இருந்தாப் போதும்" என்றார். ஸ்கூல் முதலாளி வந்திருந்தார். என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

"எட்டு எங்க போடுவீங்க சார்? கொளத்துலயா?"

  "தெரியல முதலாளி. ஆனா அந்த எடத்துக்குக் குத்தகை முடியுது, உங்களுக்கு வேற எடம் கெடைக்கும். இந்தப் பிள்ளைக்கு வேற எடம் கெடையாது" என்று நாற்காலியைக் காட்டினேன். காட்டின இடத்தில் தையல்காரர் இருந்ததால் கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்தவர்கள் மைதானத்தைக் குளமாக்கச் சொல்லும் மனுவில் கையெழுத்தும் போட்டார்கள். முதலாளி போடவில்லை. எனக்கு இப்போது பாதி நாள்தான் வேலை. மீதி நாள் எதிரே உட்கார்ந்து அம்மா சொல்வதைக் கேட்கிறேன். அதற்கு பிரேக் கிடையாது.

மனுவை நகராட்சிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் அன்றைக்கே. வீட்டில் யாரும் நம்பவில்லை.

நீ பென்சிலை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கு.

அப்பா


நவம்பர் 23

அன்பு மகளுக்கு,

யாவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நம் மனுவை ஏற்று, நகராட்சி ஆட்கள் மண் அள்ளும் வண்டிகளோடு வந்து மைதானத்தில் பாதியைத் தோண்டியிருந்தார்கள். மீதியைக் கோடையில் என்கிறார்கள். பாதிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நம் முதல் படி நனையவில்லை. ஒரு மழைக்கு நனையாததை வைத்து எண்பது வருஷத்தைச் சொல்லக் கூடாது என்று நீ எழுதுவாய். எழுது. தவளை கத்துகிறது, இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. முதலாளி குடை பிடித்து வந்து கரையில் நின்று பார்த்தார். இப்போது ரயில்வே கிடங்குப் பின்னால் ஒரு தார்த்தரை பிடித்திருக்கிறார். இடம் குறுகல், எட்டுப் போட வராது. மாணவர்கள் ஏழரை போடுகிறார்கள். எனக்கு முழு நாள் வேலை திரும்ப வந்துவிட்டது. முதலாளியிடமிருந்து பேச்சுதான் இன்னும் வரவில்லை.

அறை எழும்பிவிட்டது. கிழக்கில் ஒன்று, ஆற்றைப் பார்த்து ஒன்று, இரண்டு ஜன்னல். படிக்கட்டு தெருப் பக்கம், இரண்டு பேர் சேர்ந்து ஏறலாம். தையல்காரர் தினமும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்.

இப்போது மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டு வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார். மேல் தளம் போட்டாயிற்று, தூண் கம்பி அதற்கு மேலே நிற்கிறது. "வெட்டிடவா, விடவா?" என்கிறார். விட்டால், இதற்கும் மேலே ஒரு நாள் கட்டுவோம் என்று அர்த்தம். வெட்டினால், இத்தோடு சரி என்று அர்த்தம். என் வாய் பழக்கத்தில் அப்புறம் சொல்றேன் என்றது. பிறகு யோசித்தேன், இது உங்கள் மேசையின் கேள்வி. பதில் வரும்வரை கம்பி அறுக்கும் ஆக்ஸா பிளேடு அவர் பையில் இருக்கும்.

இந்த முறை தாமதிக்காதே.

அப்பா

பி.கு: பழைய சாமான் இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை. மேசை மட்டும் போட்டிருக்கிறேன்.


நவம்பர் 27

அன்புள்ள அப்பா,

நலம். உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது, இதோ எழுதுகிறேன். பென்சில் சீவவில்லை.

உங்கள் கேள்வியை மேசையில் வைத்தேன். பொறியாளர் அடித்தளத்தின் பலத்தைக் கேட்டார், கணக்குக்காரர் எத்தனை கம்பி என்றார், நாடகக்காரர் தையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். வழக்கம்போல் ஒரு முடிவுக்கும் வரவில்லை. அதனால் இது என் பதில் மட்டும்.

விடுங்கள் அப்பா. அவ்வளவு தூரம் எங்களுக்குத் தெரியாது என்று முன்பே எழுதினேன். தெரியாத இடத்தில் வெட்டி முடித்துவிடுவதற்கு மனம் வரவில்லை. முனையில் டப்பா கவிழ்க்க மட்டும் மறக்க வேண்டாம்.

ஆற்றங்கரையிலேயே இரண்டு வருஷம் தங்கி அடுத்த படங்களை அங்குள்ளவர்களோடு வரைய ஒருவர் வேண்டும் என்று போன வாரம் கேட்டார்கள். கையைத் தூக்கினேன். எனவே பழைய சாமான் ஒன்று ஜனவரியில் வந்து சேரும். கொஞ்சம் கனம், அதிகம் பேசும். மேசையை ஆற்று ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டு வையுங்கள்.

மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள்
பாப்பா